வெள்ளைக் கோடு

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய் ஒன்றில் ஓர் ஒடுக்கமான படகை வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து அர்த்தநாரி கேப்டன் தொப்பியைக் கழற்றவேயில்லை. பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் மதகுகளை ஆண்ட பொறியாளர். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. திருகுவதற்கு லஸ்கர்கள் என்ற மதகுக் காவலாட்கள் இருந்தார்கள். எழுத்தில் உத்தரவு வராமல் எதையும் மூடக்கூடாது என்று அவர்களை அதட்டி வைத்திருந்ததில், ஓர் ஐப்பசி மழையில் நாற்பது ஏக்கர் நெல் மூழ்கியது. மனைவி தெய்வானையின் தம்பி வயலும் அதில் போயிற்று.

இங்கே லஸ்கர் தெய்வானைதான். கால்வாய் பள்ளத்தில் இறங்கும் இடமெல்லாம் முன்னும் பின்னும் கதவு போட்ட தொட்டி, லாக் என்று பெயர். அவள் கரையேறி, இரும்புக் கைப்பிடியை மாட்டி மூச்சிரைக்க மதகைத் திருகுவாள். தண்ணீர் வடிய வடிய, சுக்கானைப் பிடித்தபடி கேப்டன் துரை படகோடு கீழே இறங்குவார்.

பதினொன்றாவது லாக்கில் அவள் சொன்னாள்: "செவுத்துல இருக்கற அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னால படகை நிறுத்தோணும்னு படகுக்காரன் சொன்னானுங்களே."

"கால்வாயைப் பத்தி எனக்கே பாடமா? நீ திருகு."

திருகினாள். தண்ணீர் இறங்கியது, படகின் பின்பக்கம் மட்டும் கோட்டுக்குப் பின்னால் தண்ணீருக்குள் மறைந்திருந்த கல்திட்டில் உட்கார்ந்துகொண்டது. முன்பக்கம் சரிந்தது. உள்ளே தட்டுகள் உடைந்தன. தொப்பி தண்ணீரில் விழுந்தது.

"மூடு! மதகை மூடு தெய்வானை!"

கைப்பிடியைப் பிடித்தபடியே அவள் கீழே எட்டிப் பார்த்தாள்.

"எழுத்துல ஆர்டர் குடுங்க சார், மூடிடறனுங்க."