சொந்த நிறம்

"இந்த மொகம் மாதிரி ஆவறதுக்கு எத்தினி நாளாவும்?"

கையிலிருந்த போனை ரூக்ஸாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள் அந்தப் பெண். தேரடித் தெருவில் அந்த ஃபேன்ஸி ஸ்டோரில் சேர்ந்த இரண்டு வருடத்தில், நடிகை படத்தைக் காட்டி இப்படிக் கேட்டவர்களை ரூக்ஸார் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் இது நடிகை படம் இல்லை. எதிரே நிற்பவளின் அதே மூக்கு, அதே கண், அதே மோவாய். கன்னம் மட்டும்தான் வேறு. படத்தில் பளிச்சென்று இருந்த கன்னம் நேரில் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"வெயில்ல வேலையாக்கா?"

"ஆமாங்க. கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டைக் கொல்லை, கடலை புடுங்கற வேலை. இப்ப வேங்கிக்கால்ல இருக்கேன். எழிலரசின்னு பேரு."

"எதுனா விசேஷமா? கல்யாணம் காட்சின்னு?"

ரூக்ஸாருக்கு ஒரு குணம். முகத்துக்கு என்ன பூசலாம் என்று சொல்வதற்கு முன்னால், எதற்காகப் பூசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "நீ சீரம் விக்கிறியா, சென்சஸ் எடுக்கிறியா?" என்று முதலாளி ஜியாவுல்லா பலமுறை கேட்டாயிற்று. அவள் திருந்துவதாக இல்லை.

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் எழிலரசி. "பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. எங்கிட்ட வரவே மாட்டேங்குது. இந்தப் போட்டோவக் காட்டுனா 'அம்மா'ன்னு முத்தம் குடுக்குது. நான் கிட்டப் போனா 'நீ அம்மா இல்ல'ன்னு வீல்னு கத்துது. என் கையால ஒரு வாய் சோறு வாங்க மாட்டேங்குது. துரும்பா எளைச்சுப் போச்சு."

"கொஞ்ச நாளா பாப்பாகூட இல்லியா நீங்க?"

"இப்பதான் வந்து கூட இருக்கேன்."

ரூக்ஸாருக்கு இது போதும். புருஷனோடு சண்டை, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், கொல்லை வேலையில் காய்ந்து கறுத்துவிட்டாள், மனசு கேட்காமல் திரும்பி வந்தால் குழந்தைக்கே அடையாளம் தெரியவில்லை. மனசுக்குள் மொத்தக் கதையையும் எழுதி முடித்ததில் அவளுக்கே கண் கலங்கியது. 'என்ன சண்டை?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

எழிலரசி அலமாரியில் இருந்த ஒரு பாட்டிலைக் காட்டினாள். "இது வெள்ளையாக்குமாமே?"

"எந்த சீரமும் வெள்ளையாக்காதுக்கா. யார் சொன்னாலும் நம்பாதீங்க. வெயில் ஏத்துன கறுப்ப எறக்கும். உங்க சொந்த நெறம் எதுவோ அதுல கொண்டாந்து வுடும். அவ்ளோதான்."

"சொந்த நெறம் வந்துடுமில்ல?"

"வந்துடும்."

"அது போதுங்க எனக்கு." வந்ததிலிருந்து முதல் முறையாக எழிலரசி சிரித்தாள்.

ரூக்ஸார் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தாள். "ரெண்டு சீரத்த ஒண்ணா ஆரம்பிக்காதீங்க. எது ஒத்துக்கலன்னு தெரியாமப் போயிடும். மொதல்ல இந்த நியாசினமைடு சீரம் மட்டும். காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வெச்சு ரெண்டு நாள் பாருங்க. அரிப்பு எரிச்சல் இல்லன்னா மொகம் கழுவித் தொடச்சுட்டு ரெண்டே சொட்டு. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. காஞ்சதும் மாய்ஸ்சரைசர். பகல்ல சன்ஸ்கிரீன் இல்லாம வாசல் தாண்டாதீங்க. மூணு வாரம் போகட்டும், காலைல வைட்டமின் சி சேத்துக்கலாம்."

"ஜாஸ்தியா போட்டா சீக்கிரம் மாறுமா?"

"ஜாஸ்தி போட்டா எரியும். பன்னெண்டு வாரம் பொறுக்கணும்."

"அதுவரைக்கும் பாப்பா?"

ரூக்ஸார் பாட்டிலைப் பையில் போட்டாள். "கம்மி பண்ண முடியாதுக்கா" என்றாள்.

மூன்று வாரம் கழித்து எழிலரசி வந்தாள். கன்னத்தை வாசல் வெளிச்சத்தில் காட்டினாள். திட்டு கொஞ்சம்போல வெளுத்திருந்தது.

"பாப்பா?"

"நேத்து பக்கத்துல வந்து ஒக்காந்துச்சு. தொடல."

"பாப்பாவோட அப்பா என்ன சொல்றாரு?" ரூக்ஸாரால் இந்தத் தடவை அடக்க முடியவில்லை.

"அவரு யாரோடயும் பேசறதே இல்லீங்க."

இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று ரூக்ஸாருக்கு வருத்தமாக இருந்தது. முகம் தெரியாத அந்த மனிதனை மனசுக்குள் நன்றாகத் திட்டினாள். வைட்டமின் சி பாட்டிலோடு எழிலரசியை அனுப்பிவிட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாவது வாரம் எழிலரசி வந்தபோது இடுப்பில் குழந்தை இருந்தது.

"அம்மா, அது இன்னாமா?" லிப்ஸ்டிக் வரிசையைக் காட்டிக் கேட்டது.

ரூக்ஸார் ஸ்டூலை விட்டுக் குதித்தே விட்டாள். "அம்மான்னு கூப்புடுதே!"

"முந்தாநாள் காலைல மொகத்துல கைய வெச்சுத் தடவித் தடவிப் பாத்துச்சு. அப்புறம் கழுத்தக் கட்டிக்கிச்சு. மூணு இட்லி தின்னுச்சுங்க." என்றாள் எழிலரசி.

அவள் முகத்தில் ஒரு திட்டு இல்லை. படத்தில் இருந்தவள் அப்படியே இறங்கி வந்து நின்றாற்போல இருந்தாள். ரூக்ஸாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, உங்க பழைய போட்டோவ எனக்கு அனுப்புங்க. இப்ப ஒண்ணு எடுத்துக்கறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கடைல மாட்டப்போறேன்."

எழிலரசி குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெளியே தெரிந்த காதை உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள்.

"வேணாங்க. அந்தப் போட்டோல இருக்கறது நான் இல்ல. என்கூட ரெட்டையாப் பொறந்தவ. இவளப் பெத்தவ. தை மாசம் தவறிட்டா."