தராசில் ஏறியவர்

மாசி வேட்டையில் விழும் முயல்களை ஊரே சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதுதான் வழக்கம். இந்த வருடம் ஒரு செல்போன் கம்பெனி கண்மாய்க்கரையில் பந்தல் போட்டு, மின்தராசு வைத்து, அதிக எடை கொண்டுவருபவருக்கு மோட்டார் பைக் என்று அறிவித்துவிட்டது. வேட்டையில் பழுத்த ஒச்சப்பன் ஊர்க்கூட்டத்தில் வேண்டாமென்று கத்திப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

வேட்டையன்று மதியம் அவருடைய மச்சினன் தவசி ஒன்பது முயல்களைத் தராசில் கொட்டினான். ஒன்றின் வயிறு புடைத்திருந்தது. ஒச்சப்பன் அதைத் தூக்கிப் பார்த்தார். காம்பில் பால் கசிந்தது.

"சினைடா இது. தெரிஞ்சேதான நாய அவுத்துவிட்ட?"

"எடை கூடுதுல்ல மச்சான்" என்றான் தவசி.

மைக் பிடித்திருந்தவன் சிரித்தான். "சினையெல்லாம் விதியில இல்லண்ணே. கீழ வைங்க."

ஒச்சப்பன் கீழே வைக்கவில்லை. தராசிலிருந்த முயல்களைத் தரையில் தள்ளிவிட்டு, சினை முயலை நெஞ்சோடு அணைத்தபடி தானே அதில் ஏறி நின்றார்.

"எழுதுடா. ஒரு ஆளு, ஒரு தாயி, வயித்துல எத்தனன்னு தெரியாது. மொத்தமா எழுது."

கம்பெனிக்காரர்கள் கெஞ்சினார்கள், பிறகு இழுத்தார்கள். ஒச்சப்பனோடு வந்திருந்த வேட்டை நாய்கள் பல்லைக் காட்டியதும் விலகிக்கொண்டார்கள். தவசி கம்பை ஓங்கினான்.

"வர்ற வண்டியக் கெடுக்காத. எறங்கு!"

"அடிச்சு எறக்கு" என்றார் ஒச்சப்பன்.

வரிசையில் அடுத்து நின்ற இருளாண்டி தன் முயல்களைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஓங்கிய கம்பின் மறுமுனையைப் பிடித்தார்.

"இருளாண்டி, உங்க இடம் போயிரும்" என்று மைக் கத்தியது.

"போகட்டும்" என்றார். பிடியை விடவில்லை.