மூட்டில் ஒரு சுழி

என் பிக்கப் வண்டி லிஃப்டில் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. மெக்கானிக் அடியில் நின்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார். உள்ளே உடைந்திருந்தால் கலகலக்கும் என்றார். இதுவோ காலிக் குடம் மாதிரி ஒலிக்கிறது. "உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெட்டி, விலைபோற சரக்கை உருவிட்டு, திரும்ப வெல்டு வெச்சு மூடியிருக்காங்க." எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருக்கும் மச்சினன் முந்திக்கொள்கிறான்: "எவனோ திருட்டுப் பய, மாமா." மெக்கானிக் சிரிக்கிறார். "திருடன் அப்படியே அறுத்துட்டு ஓடுவான் தம்பி, இவ்வளவு அழகா மூடிட்டா போவான்?" நான் அண்ணாந்து பார்க்கிறேன். மீன் செதில்போல் அடுக்கடுக்காக ஓடும் வெல்டு, முடிகிற இடத்தில் நத்தைபோல் சுருண்டிருக்கிறது. என் வீட்டு இரும்புக் கேட்டில் மூட்டுக்கு மூட்டு இதே சுழி. வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "நம்ம மச்சினன் கைவேலை" என்று தடவிக் காட்டியவன் நான். போன வாரம் அவன் வண்டிச் சாவியைக் கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தவனும் நான்தான். "மாப்ள, லைட்ட இந்தச் சுழி மேல காட்டு," என்கிறேன். வெளிச்சம் மெல்ல நழுவி, டயர்மேல் போய் நின்றுகொள்கிறது.