கெர்னலில் ஒரே ஒரு எண்

காலையிலிருந்து சர்வர் ஆமையாய் ஊர்ந்ததில் ஆபீசே கொதித்துக்கொண்டிருந்தது.

"கெர்னல்ல, அதான் சர்வரோட மூளையில, ஒரே ஒரு எண்ணை மாத்தினா போதும். ரெண்டு நிமிஷம் யாரும் எதையும் தொடாதீங்க!" என்றார் சிஸ்டம் அட்மின்.

அறுபதைப் பத்தாக்கினார். ரீஸ்டார்ட் கொடுத்தார். முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இப்ப பாருங்க."

"ஐயோ, பறக்குது சார்!" என்று விற்பனைப் பிரிவே கூவியது. மேனேஜர் ஓடி வந்து கட்டிப்பிடித்தே விட்டார். அட்மினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, வீட்டு கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு தானா வந்துச்சு. அங்கேருந்து ஏதாவது நோண்டினீங்களா?"

அட்மின் திரையைப் பார்த்தார். அருகருகே, கட்டளை தட்டும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று சர்வருக்கு, இன்னொன்று வீட்டு கம்ப்யூட்டருக்கு. அவர் தட்டிய பத்து, வீட்டு ஜன்னலில் இளித்துக்கொண்டிருந்தது. சர்வர் ஜன்னலில் ஓர் எழுத்துகூட இல்லை. முப்பது பேரும் இரண்டு நிமிஷம் கையை எடுத்ததில்தான் சர்வர் மூச்சு விட்டிருக்கிறது!

மேனேஜர் மேசையைத் தட்டினார். "சார் மாத்தின அந்த எண்ணை இனிமே ஒருத்தரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்!"

அட்மின் போனைப் பொத்திக்கொண்டார்.

"சத்தியமா இதுவரைக்கும் யாருமே தொடலை சார்!"