ரோட்டைப் பார்த்த நாற்காலி

"அஞ்சே நிமிசமுங்கண்ணா. ரோட்டோரமா நின்னுட்டு வந்தர்றேன்."

பிரிசில்லா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைமடிப் பெண். டைலர்கள் தைத்துத் தள்ளும் பனியன்களை நாளெல்லாம் நின்றுகொண்டே எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

செக்யூரிட்டி கன்னையன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஸ்லிப்பு வேணுமல்லோ கண்ணு. சூப்பர்வைசர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா, தாராளமாப் போ."

எதற்கு என்றும் கேட்டார். அவள் ரோட்டையே பார்த்தாள்.

அவருக்குச் சிரிப்புதான் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதுகூடத் தெரியாதா? ஷிப்டு நடுவில், காரணம் சொல்லாமல், ஒரு பெண் ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டும் என்றால், பைக்கில் எவனோ வருகிறான் என்று அர்த்தம்.

விடக்கூடாது என்றெல்லாம் அவருக்கு இல்லை. போன மாதம் இதே நாற்காலியில் இருந்தவர் ஒரு பெண்ணை ஸ்லிப் இல்லாமல் வெளியே விட்டார். அன்று சாயங்காலமே யூனிபாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கன்னையன் இந்த நாற்காலிக்குச் சும்மா வந்து சேரவில்லை. முதலில் இதே கைமடி, கால் வீங்கியது. அடுத்து சாயப்பட்டறை, ஆவியில் நின்று நின்று இருமல் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் பேக்கிங்கில் பெட்டி தூக்கி இடுப்பு போனது. செக்யூரிட்டி வேலைக்குச் சம்பளம் அவை எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் குறைச்சல், பன்னிரண்டு மணி நேரம் வேறு. ஆனால் உட்காரலாம். 'உக்காந்து சம்பளம் வாங்கற மகராசன்' என்று மனைவி கோமளா கிண்டல் செய்வாள்.

கோமளாவிடம் அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. உள்ளே முந்நூறு பேர் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். வெளியே மழை பெய்தால்கூட அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியிலேயே ரோட்டைப் பார்க்கிற வேலை இது ஒன்றுதான். அதனாலேயே அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

பிரிசில்லா உள்ளே ஓடினாள்.

வருகிறவன் எவன் என்று பார்த்துவிடலாம் என்று கன்னையன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டார்.

பேக்கரி வாசலில் இரண்டு ஹிந்திக்காரப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லை. ஒருத்தன் பைக்கை நிறுத்தி விலாசம் கேட்டுவிட்டுப் போனான். அவனும் இல்லை. நல்லவனாக இருந்தால் சரிதான், பாவம், தாயில்லாத பெண் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மின்மயானத்துக்குப் போகிற வண்டி ஒன்று வந்தது. கண்ணாடி வண்டி. பின்னால் பத்துப் பதினைந்து பைக்குகள், எல்லாம் இளவட்டங்கள். ஒருவன் பூவைப் பிய்த்து ரோடெல்லாம் போட்டுக்கொண்டே வந்தான்.

இந்த ரோட்டில் தினமும் இரண்டு மூன்று வண்டி போகும். எது போனாலும் கன்னையன் எழுந்துவிடுவார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வண்டி தாண்டும்வரை தலைகுனிந்து கண்ணை மூடியிருப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. செக்யூரிட்டி செய்ய வேண்டிய காரியம் அது என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

இன்றும் அப்படித்தான் நின்றார். சங்குச் சத்தம் தேய்ந்த பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, மறுபடி அந்தப் பைக்குக்காரனைத் தேட ஆரம்பித்தார்.

ஐந்து நிமிடம் கழித்து பிரிசில்லா மூச்சிரைக்க வந்தாள். சூப்பர்வைசர் மீட்டிங்கில் இருந்தாராம். ஸ்லிப்பை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் 'தலைவலி, மாத்திரை வாங்க' என்று எழுதியிருந்தது. நேரம், ஐந்து நிமிடம்.

கன்னையன் சின்னக் கேட்டைத் திறந்துவிட்டார்.

"இன்னும் ஆரும் வரலையே கண்ணு" என்று சிரித்தார்.

அவள் வெளியே கால் வைத்தாள். ரோடு முழுக்க சாமந்தியும் அரளியும் கிடந்தன. ஒரு சரக்கு லாரி அதன்மேல் ஏறிப் போனது.

அவள் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கன்னையனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவுக்குப் போக வேண்டும் என்று சொன்னால், யார், உனக்கு என்ன முறை என்று சூப்பர்வைசர் கேட்பார். அவளுக்கும் அந்த வண்டியில் போனவனுக்கும் வாய்விட்டுச் சொல்கிற முறை ஒன்றும் இருந்திருக்காது. அதனால்தான் தலைவலி. சற்றுமுன் சிரித்ததை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவள் எழுந்து வந்தாள். அழவில்லை.

"முகத்தப் பாத்தீங்களாங்கண்ணா?"

பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை நேரம் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவன் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல கண்ணு. குனிஞ்சுட்டேன்."

அவள் ரோட்டில் கிடந்த பூவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களாச்சும் பாத்திருக்கலாமுங்கண்ணா."

சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். ஸ்லிப்பில் இன்னும் மூன்று நிமிடம் மீதமிருந்தது.