கூடுதல் பட்டை

"பதினேழாயிரத்து அறுநூறு பாக்கி நிக்குதுண்ணே. அதைத் தீர்க்காம, போட்ட பட்டையைக் கழட்டுன்னு மறுபடியும் வந்து நிக்கிறீங்களே, நியாயமா இது?"

பூப்பாறையில் ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கும் ஏசுரத்தினம், ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டான்.

எதிரே சூரியநெல்லிக்காரர் சுருளிவேல் நின்றிருந்தார். அவருடைய சின்ன பிக்கப்புக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் இழுவைக் கொக்கி வைத்து, பின்சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கு இரண்டு, பாரம் தாங்கும் வில்லுப் பட்டை கூடுதலாக ஏற்றிக் கொடுத்தவன் ஏசுரத்தினம்தான். முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, அதற்குப் பிறகு பெரிய கான்கிரீட் கலவை மிஷினைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையெல்லாம் இழுத்துத் திரிந்தது.

சுருளிவேல் சட்டைப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து நீட்டினார்.

"எண்ணிக்க."

"அடேங்கப்பா! போன மாசம் கேட்டப்ப கையில அஞ்சு பைசா இல்லன்னீங்க?"

"மிஷின்காரர்கிட்ட கணக்கு முடிச்சுட்டேன். இனி இழுக்கல."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு? அவனவன் அந்த வேலை கிடைக்காதான்னு அலையுறான்."

"பட்டையை எடு தம்பி. கொக்கி கெடந்துட்டுப் போகுது. வண்டி பழையபடி மெத்துன்னு போகணும். ரெண்டு மணிக்கு நான் தேனியில இருக்கணும்."

"அலுங்காமக் கொண்டார அப்படி என்ன லோடு? கோழிமுட்டையா? இல்ல, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலமா?"

சுருளிவேல் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறேன். குருவம்மா அங்கதான இருக்கா."

ஏசுரத்தினம் சட்டென்று வெளியே வந்துவிட்டான்.

"மதினிக்காகவா? இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான? வண்டியை உள்ள விடுங்க."

ஜீப்பை அப்படியே போட்டுவிட்டு, பிக்கப்புக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினான். சேறு காய்ந்து இறுகியிருந்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினான்.

"பட்டை ஏத்துனா லோடுக்கு நல்லது, காலி வண்டி கழுதை மாதிரி உதைக்கும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நான்தான் ஏத்துன்னேன். ஆப்பரேசன் முடிஞ்சு, அவளுக்கு மாசம் ரெண்டு தடவை மருந்து ஏத்தணும்னாங்க. காய்கறி லோடுக்கு அது கட்டுமா? மிஷினை இழுத்தேன், மருந்துக்குக் காசு வந்துச்சு."

"அப்புறமென்ன?"

"மருந்தை வாங்கிட்டேன். அவளைத்தான் கூட்டிட்டுப் போக முடியல. போடிமெட்டு எறக்கத்துல ஒவ்வொரு குழிக்கும் வண்டி தூக்கிப் போடுது. தையல் போட்ட வயித்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டே வருவா."

"பஸ்ல போகலாமேண்ணே?"

"பஸ்ல நிக்கத் தெம்பு வேணாமா? கடைசி ரெண்டு தடவை வரவே மாட்டேன்னுட்டா. 'பட்டையைக் கழட்டிட்டு வா, நம்ம வண்டியிலயே வர்றேன்'னா. முடியாமக் கெடந்தவளை, முந்தாநாள் பக்கத்து வீட்டுக் கார்லதான் தூக்கிட்டுப் போனோம்."

ஏசுரத்தினத்தின் கையில் ஸ்பேனர் நின்றுவிட்டது.

போன மாதம் இதே இடத்தில், டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப்காரர்கள் முன்னால், "முதல்ல பாக்கி, அப்புறம் பட்டை" என்று அவன் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும், சுருளிவேல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேர வேலை. சாமான் செலவுகூடக் கிடையாது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பட்டைகளை உருவிப் போட்டு, மற்றதை இறுக்கி, வண்டியை இறக்கினான். பின்தட்டில் ஏறி நின்று அமுக்கிப் பார்த்தான். வண்டி மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது.

"தொட்டில் மாதிரி போகும்ணே. வளைவுல மட்டும் பொறுமையா வாங்க. மதினி முதுகுக்கு ஒரு தலகாணி அண்டக் கொடுத்துருங்க."

சுருளிவேல் தலையை ஆட்டினார்.

ஏசுரத்தினம் நோட்டுக் கட்டை அவர் சட்டைப் பையிலேயே திணிக்கப் போனான். "இது எனக்கு வேண்டாம். மதினிக்குச் செலவு பண்ணுங்க."

சுருளிவேல் அவன் கையைப் பிடித்துத் தள்ளினார். "வச்சுக்க. ஒருத்தன்கிட்ட பாக்கி வச்சுக்கிட்டு அவளைக் கொண்டாரக் கூடாது."

"அண்ணே..."

"வச்சுக்கன்னா வச்சுக்க."

"சரிண்ணே. தீர்ந்துச்சு. ஒத்த ரூபா பாக்கி இல்ல." பணத்தைப் பையில் வைத்துக்கொண்டவன், வண்டிக் கதவைப் பிடித்தபடி தயங்கினான். "வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நானும் புஷ்பமேரியும் வீட்டுக்கு வர்றோம். நான் மதினிகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

சுருளிவேல் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம் தம்பி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்குறோம். அதுக்குள்ள வந்து கேட்டுக்க."