அஞ்சு பஞ்சர்

"மறுபடியும் பஞ்சரா அண்ணே?"

வழிகாட்டித் தம்பி கேட்டதும் சத்திரத்து வாசலில் இளைப்பாறிக்கொண்டிருந்த பத்துப் பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

பஸ் டிரைவர் அசடு வழியச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன செய்றது தம்பி, நம்ம ராசி அப்படி. வழியில உட்கார்ந்து ஒட்டிட்டு வர்றேன்."

நாலாவது சிவப்புக் கொடியும் அவர் கேரியரில் ஏறியது.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள். தனக்குப் பின்னால் ஒருத்தர் வந்துவிட்டார். அது போதும்.

மலைக்கோயிலுக்குப் போகிற பழைய யாத்திரைப் பாதை அது. அந்தக் காலத்தில் சனங்கள் நடந்தே போனார்கள். இப்போது சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி. காரும் கிடையாது, லாரியும் கிடையாது. வயல், வாய்க்கால், முந்நூறு வருஷத்துக் கல்பாலம், வழி காட்ட ஆங்காங்கே கல்லில் செதுக்கிய பாதங்கள். அவ்வளவுதான்.

வழியில் ஐந்து சத்திரம். ஒவ்வொன்றிலும் கடைசியாக வருகிறவருக்கு ஒரு கொடி. ஒரே ஒரு கொடி வாங்கினாலும் போதும், அவருக்கு மலை ஏற்றம் இல்லை. மூட்டை முடிச்சுக்குக் காவலாக, சுற்று ரோட்டில் வேனில் போக வேண்டும்.

அந்த வேன்தான் தையல்காரம்மாவுக்கு எமன். சைக்கிள் பழகியே மூன்று மாதம்தான் ஆகிறது. கிளம்பும்போது வீட்டுக்காரர் வேறு வாயை வைத்துவிட்டார்.

"நீ வேன்லதான் போய் இறங்குவே, பாரு. அப்படி இறங்கினா அந்தச் சைக்கிளை என் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம். முப்பது வருஷம் தையல் மிஷின் மிதிச்ச காலுங்க இது!" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டாள். 

அந்த முப்பது வருஷமும் மிதித்தது மிதித்ததுதான், ஓர் அடி நகர்ந்ததில்லை. இப்போது மிதித்தால் மரம் நகர்கிறது, வாய்க்கால் நகர்கிறது, காற்று வந்து முகத்தில் மோதுகிறது. இதை எப்படி இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுப்பாள்?

பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"ஏண்ணே, பஞ்சர் ஒட்டினா கையில கருப்பு இருக்கணுமே. உங்க கை கல்யாணத்துக்குக் கிளம்பின கை மாதிரி இருக்கு. எங்கேயாவது மரத்தடியில தூங்கிட்டு வர்றீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டியேம்மா!" என்று சிரித்தார். "ஹாரன் சத்தமே இல்லாத ரோட்டை இந்தப் பாதையிலதான் பார்த்திருக்கேன். கண்ணு தன்னால சொக்குது."

'சரியான தூங்குமூஞ்சி' என்று நினைத்துக்கொண்டாள். 'பஸ்ஸை எப்படித்தான் ஓட்டினாரோ!'

ஐந்தாவது சத்திரத்துக்கு அவள் நாக்குத் தள்ளத் தள்ள வந்து சேர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, தூரத்தில் பஸ் டிரைவர், சப்பையாகிப்போன டயரோடு.

"இதை ஒட்டக்கூட நேரமில்லப்பா" என்றார்.

ஐந்து கொடியும் கட்டியதில் அவர் சைக்கிள் தேர்தல் ஜீப் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் கைதட்டி, சைக்கிளோடு அவரை வேனில் ஏற்றினார்கள்.

தையல்காரம்மா மலை ஏறினாள். தொடை கெஞ்சியது. முழங்கால் திட்டியது. ஒரு வளைவில் சைக்கிள் பின்னால் போவது மாதிரிகூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கோயில் மணி கேட்டது. கடைசி வளைவையும் தாண்டிவிட்டாள்.

உச்சியில், வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது யார் என்கிறீர்கள்? பஸ் டிரைவர்தான்.

முதல் காரியமாக வீட்டுக்குப் போன் போட்டாள். "மிதிச்சே வந்துட்டேங்க! உங்க தங்கச்சி மகளை வேற சைக்கிள் பார்த்துக்கச் சொல்லுங்க!"

சந்தோஷத்தில் மனசும் இளகிவிட்டது. "அண்ணே, அந்த டியூபைக் கழட்டுங்க. நான் ஒட்டித் தர்றேன். துணியோ ரப்பரோ, ஒட்டுப் போடறது நம்ம தொழில்."

"வேணாம்மா, நான் பார்த்துக்கறேன்."

"சும்மா இருங்கண்ணே!"

அவளே சக்கரத்தைப் பிரித்தாள். டியூபை உருவிக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினாள். முழுச் சுற்றும் வந்தாயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டையே இல்லை.

சரி, முன்னால் சொன்ன நாலு பஞ்சரும் தூக்கத்துக்குச் சாக்கு; கண்ணால் பார்த்த இந்த அஞ்சாவது எங்கே? துணியில் தையல் தேடுகிற மாதிரி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். புத்தம் புது டியூப். ஒரு கீறல் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வருஷம் நான்தாம்மா கடைசி" என்றார் மெதுவாக. "வேன் ஜன்னல் வழியா இந்த மலையைப் பார்த்துக்கிட்டே வந்தேன். சோறே இறங்கல. இந்த வருஷம் ஏறியே தீரணும்னு ஆறு மாசம் பழகிட்டு வந்தேன். ஆனா காலையில கிளம்பும்போது, நீ அந்த வேனைப் பார்த்த பார்வை இருக்கே..."

சிரித்துக்கொண்டே சக்கரத்தை மாட்டக் குனிந்தார்.

தையல்காரம்மா எழுந்தாள். அவர் கேரியரிலிருந்து ஐந்து கொடியையும் அவிழ்த்தாள். தைத்து முடித்த துணி மாதிரி ஓரம் சேர்த்து மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் வருவீங்கதானே அண்ணே?"

"வராம?"

"வாங்க. அடுத்த வருஷம் அஞ்சு பஞ்சரும் எனக்கு!"